மண்டையில் ஏறுவதும் கையில் படிவதும்

படிப்பைப் பற்றிப் பேசும்போது நம் வீடுகளில் வரும் சொற்களைக் கவனித்துப் பாருங்கள். "மண்டையில ஏறல", "இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விட்டுட்டான்", "புத்தகத்தைக் கரைச்சுக் குடிச்சிட்டா". எல்லாவற்றிலும் தலை ஒரு பாத்திரம், அறிவு அதற்குள் போகிற பொருள். அதே வீட்டில் தொழிலைப் பற்றிப் பேச்சு வந்தால் சொற்கள் மாறிவிடும். "இன்னும் கை படியல", "வேலை பிடிபட்டுருச்சு", "அவர்கிட்ட நின்னு பழகினவன்", "நெளிவு சுளிவு தெரிஞ்ச ஆளு". இங்கே பாத்திரமும் கிடையாது, ஊற்றுவதும் கிடையாது. ஒரு கை இருக்கிறது, பக்கத்தில் நிற்கிற ஓர் ஆள் இருக்கிறார், போகிற காலம் இருக்கிறது.

பினாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஆறு ஆண்டுகளாகப் பொறியாளராக இருக்கிறேன். தொழில் நடக்கிற இடத்தில் இரண்டாவது வகைச் சொற்கள்தான் புழங்க வேண்டும். ஆனால் 'டிரெய்னிங்' என்று வந்துவிட்டால் முதல் வகைதான் ஆட்சி செய்கிறது. குளிரூட்டப்பட்ட அறை, எண்பது ஸ்லைடு, வருகைப் பட்டியலில் கையெழுத்து, கடைசியில் பத்துக் கேள்வி. ஆண்டு முடிவில் ஓர் ஆளுக்கு எத்தனை மணி நேரம் என்று கணக்கு. தண்ணீர்த் தொட்டியில் எத்தனை லிட்டர் நிரம்பியிருக்கிறது என்று பார்ப்பது போலத்தான்.

இந்த நிரப்பும் உருவகம் வேலையிடத்துக்குள் எப்படி வந்தது, அது வந்ததால் யாருடைய அறிவு கணக்கில் இல்லாமல் போனது என்று தேடிப் படித்ததில் கிடைத்ததை இங்கே எழுதுகிறேன். "வெறும் சொல்தானே, இதுக்கு ஒரு வரலாறா?" என்று கேட்பவர்களுக்காக முதலில் ஒரு பெயின்ட் பிரஷ்ஷின் கதை.

பிரஷ் ஒரு பம்பு

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்த டொனால்ட் ஷோன் 1979இல் வெளியான ஒரு கட்டுரையில் இந்தக் கதையைச் சொல்கிறார். செயற்கை இழையால் செய்த புது வகை பிரஷ் ஒன்றை மேம்படுத்த ஆராய்ச்சியாளர்கள் முயன்றுகொண்டிருந்தார்கள். இயற்கை மயிரால் ஆன பிரஷ் சுவரில் சீராகப் பூசியது. செயற்கை பிரஷ் திட்டுத் திட்டாகப் பூசியது. இழையின் நுனியைப் பிளந்து பார்த்தார்கள், தடிமனை மாற்றிப் பார்த்தார்கள். பலனில்லை. அப்போது ஒருவர் சொன்னார், பிரஷ் என்பது ஒரு வகையில் பம்புதானே என்று.

பம்பு என்று நினைத்ததும் அவர்கள் பார்த்த இடம் மாறிவிட்டது. அதுவரை இழையைப் பார்த்தவர்கள், இழைகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியைப் பார்க்கத் தொடங்கினார்கள். சுவரில் அழுத்தும்போது பெயின்ட் அந்த இடைவெளிகள் வழியாகத்தான் வெளியே தள்ளப்படுகிறது. இயற்கை மயிர் மெல்ல வளைகிறது, வழி திறந்தே இருக்கிறது. செயற்கை இழை ஓர் இடத்தில் சட்டென்று மடங்குகிறது, வழி அடைபடுகிறது. கோளாறு எங்கே என்று தெரிந்தது.

ஷோன் இதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் இதுதான்: எது பிரச்சினை என்று நாம் முடிவு செய்வதற்கு முன்பே நம் உருவகம் அதை முடிவு செய்துவிடுகிறது. கற்றலை 'நிரப்புதல்' என்று எடுத்துக்கொண்டால் நாம் கேட்கும் கேள்விகளும் அதற்கேற்பத்தான் இருக்கும். எவ்வளவு ஊற்றினோம்? பாத்திரத்தில் ஓட்டை இருக்கிறதா? ஊற்றியவருக்கும் பாத்திரத்துக்கும் நடுவே இருக்கிற இடைவெளியைப் பற்றிக் கேள்வியே வராது.

பவணந்தியின் குடங்கள்

கற்றலுக்கு உவமை தேடியதில் தமிழர்கள் யாருக்கும் பிந்தியவர்கள் இல்லை. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலின் பாயிரத்தில் ஆசிரியருக்கும் மாணவருக்கும் ஒரு பெரிய உவமைப் பட்டியலே இருக்கிறது. இடைநிலைப் பள்ளியில் தமிழ் இலக்கியம் எடுத்தவர்கள் சிலர் இதைத் தொட்டிருப்பார்கள்.

மாணவரில் கடைசித் தரத்தினருக்கு ஓட்டைக்குடமும் நெய்யரியும் உவமை. நெய்யரி நெய்யை விட்டுவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்ளும். முதல் தரத்துக்கு அன்னமும் பசுவும். பசு நல்ல புல்லை மேய்ந்துவிட்டு, பிறகு ஓரிடத்தில் அமர்ந்து அசைபோடும்.

ஆனால் என்னை நிறுத்தியது ஆசிரியர் பக்கம் இருக்கும் குடங்கள். ஆசிரியராகத் தகுதியில்லாதவருக்கு நான்கு உவமைகள். ஒன்று, கழற்சிக்காய் போட்ட குடம். வரிசையாகப் போட்டாலும் கொட்டும்போது வரிசையில்லாமல் விழும். இரண்டு, பருத்தி அடைத்த குடுவை. அடைப்பதும் கஷ்டம், கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்குவதும் கஷ்டம். மூன்று, மட்டைகள் நிற்கும் பனை. ஏற விடாது, தானாக விழுந்தால் பொறுக்கிக்கொள்ளலாம். நான்கு, வளைந்த தென்னை. தண்ணீர் ஊற்றுவது ஒருவர், காய் விழுவது அடுத்தவர் வளவில்.

பவணந்தியும் குடத்தைத்தான் எடுக்கிறார். ஆனால் குடம் இரண்டு பக்கமும் இருக்கிறது. ஓட்டை மாணவரிடம் இருக்கலாம், அடைப்பு ஆசிரியரிடம் இருக்கலாம். இன்னொன்று, அவர் 'போல' என்று சொல்லித்தான் ஒப்பிடுகிறார். உவமை தன்னை உவமை என்று காட்டிக்கொள்ளும். நாம் 'அறிவைப் பகிர்தல்', 'திறன் இடைவெளியை நிரப்புதல்' என்று அறிக்கையில் எழுதும்போது 'போல' உதிர்ந்துவிடுகிறது. உருவகம் என்பதே மறந்துவிடுகிறது. 'மனித வளம்' என்ற சொல்லில் மனிதர் சுரங்கத்துத் தாதுவைப் போல ஆகிவிட்டதை இன்று யாரும் கவனிப்பதில்லை அல்லவா, அதுபோல.

போர்க்காலத்து முடிச்சு

நவீனத் தொழிற்சாலையில் இந்தக் கதை ஃபிரெடெரிக் டெய்லரிடம் தொடங்குகிறது. 1911இல் வெளியான அவருடைய 'அறிவியல் மேலாண்மை' நூலின் அடிப்படை ஒரு கைமாற்றம். காலங்காலமாகத் தொழிலாளர்களின் கையில் இருந்த அறிவை நிர்வாகம் திரட்ட வேண்டும், அளந்து விதியாக்க வேண்டும், பிறகு அதைத் தொழிலாளருக்கே கட்டளையாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கையில் இருந்தது தாளுக்குப் போனது. தாளை வைத்திருப்பவர் அறிந்தவர் ஆனார். கை, நிரப்பப்பட வேண்டிய காலிப் பாத்திரம் ஆனது.

அடுத்த பெரிய திருப்பம் போரில் வந்தது. 1940இல் அமெரிக்க அரசு 'டிரெய்னிங் வித்தின் இண்டஸ்ட்ரி' என்ற அமைப்பைத் தொடங்கியது. சுருக்கமாக டி.டபிள்யூ.ஐ. அனுபவசாலிகள் படைக்குப் போய்விட, ஆலைகளுக்குள் புதியவர்கள் வந்து குவிந்தார்கள், அவர்களில் பெண்கள் ஏராளம். பல ஆண்டுகள் பழகிக் கற்ற வேலையைச் சில வாரங்களில் கற்றுக்கொடுக்க வேண்டிய நிலை. டி.டபிள்யூ.ஐ. நேராகத் தொழிலாளர்களிடம் போகவில்லை, சூப்பர்வைசர்களிடம் போனது. எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதை அவர்களுக்கு 10 மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்தது. 1945இல் அது மூடப்படும்போது 16,000க்கும் மேற்பட்ட ஆலைகளில் ஏறத்தாழ 17 லட்சத்து 50 ஆயிரம் பேர் அதன் சான்றிதழ் பெற்றிருந்தார்கள்.

அந்தப் பயிற்சியில் ஒரு முடிச்சு வரும். மின்கம்பியில் போடுகிற ஒரு சின்ன முடிச்சு. பயிற்றுநர் முதலில் அதை எப்படிப் போடுவது என்று வாயால் மட்டும் சொல்வார். யாராலும் போட முடியாது. பிறகு பேசாமல் செய்து மட்டும் காட்டுவார். அப்போதும் முடியாது. அதற்குப் பிறகுதான் சரியான முறை. கற்பவரை ஆயத்தப்படுத்து, படிப்படியாகச் சொல்லிக் காட்டு, அவரைச் செய்ய விடு, செய்யும்போதே ஏன் அப்படிச் செய்கிறேன் என்று அவர் வாயால் சொல்ல வை, பிறகு தனியே விட்டுவிட்டு அவ்வப்போது வந்து பார். ஒவ்வொரு படியிலும் 'முக்கியப் புள்ளி' என்ன என்று குறிக்க வேண்டும். வேலையைக் கெடுக்கக்கூடியது, ஆளைக் காயப்படுத்தக்கூடியது, வேலையை எளிதாக்குவது. இந்த மூன்றாவது வேறொன்றுமில்லை, நம் ஊர் 'நெளிவு சுளிவு'தான். போருக்குப் பிறகு இந்த முறை ஜப்பானுக்குப் போனது, டொயோட்டா அதைக் கைவிடாமல் இன்றுவரை வைத்திருக்கிறது.

டி.டபிள்யூ.ஐ.யும் ஒரு வகையில் கைமாற்றம்தான். ஆனால் அது டெய்லரின் உருவகத்தில் ஒரு பெரிய மாற்றம் செய்தது. கற்பவர் கற்கவில்லை என்றால் பொறுப்பு சொல்லிக்கொடுத்தவருடையது என்று வைத்தது. குடத்தின் ஓட்டையைத் தேடுவதை நிறுத்தியது. இன்று நம் ஊர் டிரெய்னிங் அறைகளுக்கு வந்து சேர்ந்தது இந்த முறையின் சான்றிதழும் பட்டியலும்தான். முடிச்சு வந்து சேரவில்லை.

ஒரு மில்லிமீட்டர்

இதெல்லாம் அமெரிக்கக் கதை. இங்கே நம் பாட்டன் பாட்டிகளின் வேலையிடம் ரப்பர்த் தோட்டம். அங்கே கற்றல் எப்படி நடந்தது?

1877இல் சிங்கப்பூருக்கு 22 ரப்பர் கன்றுகள் வந்தன. சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் தலைவராக இருந்த ஹென்றி ரிட்லி 1890களில் மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் முறையை உருவாக்கினார். பட்டையை ஒவ்வொரு முறையும் மெல்லிசாகச் சீவி, பழைய வெட்டையே திரும்பத் திறப்பது. வரலாற்றுப் புத்தகத்தில் கண்டுபிடிப்பு இங்கே முடிந்துவிடுகிறது. ஆனால் அந்த முறையை நாள்தோறும் நானூறு ஐந்நூறு மரங்களில் நிறைவேற்றியது உளி பிடித்த கைகள்.

மரத்தின் உடற்கூறு இப்படி: பால் குழாய்கள் பட்டையின் உள்பக்கத்தில்தான் அதிகம். அதற்கும் உள்ளே, கட்டைக்கு வெளியே, காம்பியம் என்ற மெல்லிய வளர் படலம். அதுதான் புதுப் பட்டையை வளர்க்கிறது. உளி ஆழம் போகாவிட்டால் பால் வராது. காம்பியத்தைத் தொட்டுவிட்டால் மரத்தில் காயம், அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், பிறகு அங்கே ஒழுங்காக வெட்ட முடியாது. இரண்டுக்கும் நடுவே விட வேண்டியது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். அதை விடியலுக்கு முன்பே தொடங்க வேண்டும், ஏனென்றால் மரத்துக்குள் அழுத்தம் அப்போதுதான் அதிகம். நெற்றியில் கட்டிய விளக்கு வெளிச்சத்தில், கண்ணுக்குத் தெரியாத ஒரு படலத்தை உளியின் அதிர்வில் உணர்ந்து நிறுத்த வேண்டும்.

நான் வேலை செய்யும் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் துல்லியத்துக்கு சென்சார் வைக்கிறோம். என் பாட்டி கெடாவில் முப்பது ஆண்டுகள் அதைக் கையால் செய்தார். எப்படிக் கற்றீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "அம்மா கூட மங்கு தொடைக்கப் போவேன். பார்த்துப் பார்த்து வந்ததுதான்" என்றார். அதற்கு மேல் சொல்ல அவரிடம் சொல் இல்லை. பள்ளியில் ஊற்றப்பட்ட அறிவுக்குத்தான் பெயரும் தாளும் உண்டு. 'பார்த்துப் பார்த்து வந்தது' எந்தத் தாளிலும் இல்லை. அதனால்தான் அந்தத் தலைமுறையை 'திறனற்ற தொழிலாளர்' என்ற கட்டத்தில் போடுவது அவ்வளவு எளிதாக இருந்தது. நிரப்பும் உருவகத்தில் ஊற்றுகிறவர் மட்டுமே அறிந்தவர். பாட்டிக்கு யாரும் எதுவும் ஊற்றவில்லை, ஆகவே அவரிடம் எதுவும் இல்லை.

தையல்காரர்களும் போட்டோகாப்பி மெஷின்களும்

'பார்த்துப் பார்த்து வந்ததற்கு' ஒரு சொல் கிடைக்க 1991 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு ஜீன் லேவும் எட்டியன் வெங்கரும் ஒரு சின்னப் புத்தகம் வெளியிட்டார்கள். லேவ் 1970களில் லைபீரியாவின் மன்ரோவியாவில் தையல்காரர்களிடம் இருந்து ஆராய்ந்தவர். அங்கே புதிதாகச் சேரும் பையன் முதலில் துணி வெட்டுவதில்லை. பொத்தான் தைப்பான், ஓரம் மடிப்பான், இஸ்திரி போடுவான். பிறகுதான் தையல், கடைசியில் வெட்டு. உடை உருவாகும் வரிசைக்கு நேர் தலைகீழ். முடிந்த உடை கையில் இருப்பதால் முழுமை எது என்று அவனுக்கு முதலிலேயே தெரிந்துவிடுகிறது. துணியை வெட்டும்போது செய்யும் தவறுக்கு விலை அதிகம், பொத்தானில் செய்யும் தவறுக்குக் குறைவு. மங்கு துடைக்கப் போன சிறுமியும் இப்படி ஓரத்திலிருந்துதான் உள்ளே போனார். கற்பது என்பது பொருளை வாங்குவது அல்ல, ஒரு கூட்டத்தின் ஓரத்திலிருந்து மையத்துக்கு நகர்வது என்றார்கள் லேவும் வெங்கரும்.

இதைப் படித்துவிட்டு 'வேலையிடத்தில் விட்டால் தானாகக் கற்றுக்கொள்வார்கள்' என்று நினைத்துவிடக் கூடாது. அதே புத்தகத்தில் அமெரிக்க சூப்பர்மார்க்கெட் இறைச்சி வெட்டுவோரின் கதையும் வருகிறது. பயிற்சியாளர்கள் ஓர் அறையில் இறைச்சியை நெகிழித்தாளில் சுற்றிக்கொண்டிருப்பார்கள், மூத்தவர்கள் வெட்டுவது வேறு அறையில். பார்க்கவே வழியில்லை. ஒரே கூரையின் கீழ் இருந்தும் கற்றல் நடக்கவில்லை. பிரஷ் இழை மடங்கி வழி அடைபட்டது போல.

என் துறைக்கு நெருக்கமான கதை ஜூலியன் ஓர் எழுதியது. சிராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வகத்தில் மானிடவியலாளராக இருந்த அவர், போட்டோகாப்பி மெஷின் பழுது பார்க்கும் டெக்னீஷியன்களோடு 1980களில் சுற்றினார். 1996இல் அது புத்தகமானது. நிறுவனம் அவர்களுக்குக் கையேடு கொடுத்திருந்தது: இந்தப் பிழை எண் வந்தால் இதைச் செய். ஆனால் மெஷின் தவறான பிழை எண்ணைக் காட்டும்போது கையேட்டுக்கு வாயில்லை. அப்போது டெக்னீஷியன்கள் செய்தது கதை சொல்வது. "அந்த ஆபீஸ்ல இப்படித்தான் ஒரு தடவை..." என்று ஒருவர் தொடங்க, இன்னொருவர் தன் கதையைச் சேர்க்க, மணிக்கணக்கில் பேசிப் பேசிக் கோளாறைக் கண்டுபிடிப்பார்கள். மேலிருந்து பார்ப்பவருக்கு இது வெட்டிப் பேச்சு. பின்னாளில் சிராக்ஸ் இந்தக் கதைகளைக் குறிப்புகளாக எழுதிப் பகிர ஓர் அமைப்பைக் கட்டியது. 'யுரேகா' என்று பெயர். ஒவ்வொரு குறிப்பிலும் அதை எழுதிய டெக்னீஷியனின் பெயர் இருக்கும். டெய்லர் தாளுக்கு மாற்றியபோது அழித்த பெயர் இங்கே தாளில் திரும்ப வந்தது.

எங்கள் தொழிற்சாலையில் அடுத்த ஆண்டு ஓய்வு பெறும் டெக்னீஷியன் அண்ணன் ஒருவர் இருக்கிறார். வேக்கம் பம்பின் சத்தத்தை வைத்தே எது தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அவருக்கும் ஆண்டுதோறும் டிரெய்னிங் மணிநேரம் கணக்கிடப்படுகிறது, அவர் கேட்ட மணிநேரம். மெஷின் பக்கத்தில் நின்றபடி அவர் மற்றவர்களுக்குச் சொன்ன மணிநேரத்துக்குக் கட்டம் இல்லை. "கேட்டாதான தம்பி சொல்ல முடியும்? சத்தத்தை ஸ்லைடுல எப்படிப் போடுவ?" என்பார்.

இரண்டும் வேண்டும்

அப்படியானால் வகுப்பறையை மூடிவிடலாமா? இஸ்ரேலியக் கல்வியாளர் அன்னா ஸ்ஃபார்ட் 1998இல் எழுதிய கட்டுரை இதற்குப் பதில். கற்றலைப் 'பெறுதல்' என்று பார்ப்பது ஓர் உருவகம், 'பங்கேற்றல்' என்று பார்ப்பது இன்னோர் உருவகம். ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்வதே ஆபத்து என்றார் அவர். மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுப் போட்ட பிறகே மெஷினுக்குள் கை வைக்க வேண்டும் என்பதை யாரும் 'பார்த்துப் பார்த்து'க் கற்க விடக் கூடாது. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும், சோதித்துத்தான் ஆக வேண்டும். தவிர, ஓரத்தில் நின்று பழகும் முறைக்கு இருட்டான பக்கமும் உண்டு. எடுபிடியாகவே வைத்திருக்கும் முதலாளி, கடைசிவரை நுணுக்கத்தைச் சொல்லாத மூத்தவர், தன் ஆளுக்கு மட்டும் கற்றுக்கொடுக்கும் வட்டம். பவணந்தியின் மட்டைப் பனைகள் எல்லாத் தொழிலிலும் உண்டு. எழுதிவைத்த பாடம் இருந்தால், மனசு வைக்காத மூத்தவரைத் தாண்டியும் ஒருவர் கற்க முடியும்.

நம் நாட்டுச் சட்டங்களிலேயே இரண்டு உருவகங்களும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. மனிதவள மேம்பாட்டு நிதிக்காக 1992இல் ஒரு சட்டம் வந்தது, 2001இல் புதிய சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. பத்து மலேசியத் தொழிலாளர்களும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்கள் சம்பளத் தொகையில் 1 விழுக்காட்டை இந்த நிதிக்குக் கட்டுகின்றன, பயிற்சி நடத்தி அதைத் திரும்பப் பெறுகின்றன. திரும்பப் பெறுவதற்கு எளிதாக எண்ணக்கூடியது எது? அறை, பயிற்றுநர், நாள். பணம் எண்ணக்கூடியதை நோக்கித்தான் ஓடும். மறுபுறம், 2005இல் ஜெர்மானிய மாதிரியில் தொடங்கிய எஸ்.எல்.டி.என். திட்டத்தில் பயிற்சியின் பெரும்பகுதி வேலையிடத்திலேயே நடக்கிறது. முன்பே வேலையில் கற்ற திறனை மதிப்பிட்டு மலேசியத் திறன் சான்றிதழ் வழங்கும் பி.பி.தி. என்ற வழியும் இருக்கிறது. அந்த வழியில் கேள்வி 'எங்கே படித்தாய்?' என்பது அல்ல, 'என்ன செய்ய முடியும், காட்டு' என்பது. என் பாட்டியின் காலத்தில் அது இருந்திருந்தால் அவரைப் போட்ட கட்டத்தின் பெயர் வேறாக இருந்திருக்கும்.

கால், கால், அரை

வேலையிடப் பயிற்சி நடத்துபவர்கள் அடிக்கடி ஒரு கணக்குச் சொல்வார்கள். 70:20:10. நூற்றில் 70 வேலையில் கற்பது, 20 பிறரிடம், 10 வகுப்பில். இவ்வளவு அழகான முழு எண்களில் மனிதர் கற்பதில்லை என்பதால் இதன் மேல் விமர்சனமும் உண்டு. நன்னூலிலும் ஒரு கணக்கு இருக்கிறது. ஆசிரியர் சொன்னதை ஒழுங்காக வாங்கிக்கொண்டாலும் கிடைப்பது கால்பங்கு. அதே செயலில் இருக்கும் தோழர்களோடு பழகினால் இன்னொரு கால்பங்கு. மீதி அரைப்பங்கு, பிறருக்குத் தெளிவாக எடுத்துச் சொல்லும்போதுதான் வருகிறது.

இதையும் அளந்து பார்த்த எண்ணாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. எனக்கு முக்கியம் அந்த அரைப்பங்கு. அந்தத் தோழர்களுக்குப் பவணந்தி வைத்த சொல் 'அவ்வினையாளர்'. அந்த வினையைச் செய்பவர்கள். தையல்காரர்களும் போட்டோகாப்பி டெக்னீஷியன்களும் அந்தக் கால்பங்கில் இருக்கிறார்கள். முடிச்சுப் போட்டுக்கொண்டே ஏன் என்று வாயால் சொல்ல வைத்த டி.டபிள்யூ.ஐ. அரைப்பங்கின் வாசலில் நிற்கிறது. அந்த அரைப்பங்கு குடத்துக்குள் அடங்கவே அடங்காது. குடம் நிரம்பும், ஆனால் குடம் சொல்லிக்கொடுக்காது.

இந்த உருவகத்தை ஏற்றால் கணக்கு எடுக்கும் படிவமே மாற வேண்டும். 'நீ எத்தனை மணி நேரம் கேட்டாய்?' என்பதற்குப் பக்கத்தில் 'யாருக்கு, எதைச் சொல்லிக்கொடுத்தாய்?' என்று இன்னொரு கட்டம். அதற்கு வேலை நேரத்தில் இடம், அந்தக் கட்டத்தில் சொல்லிக்கொடுத்தவரின் பெயர். இதற்குப் புது மென்பொருள் வேண்டாம், ஆலோசகர் வேண்டாம். ஓய்வு பெறப் போகிறவரின் பக்கத்தில் ஓர் இளைஞரை ஓராண்டு நிறுத்துகிற மனம் வேண்டும். உளி பிடித்த தலைமுறையிடம் நாம் கேட்டு எழுதி வைக்காமல் விட்டதை இனி மீட்க முடியாது. மெஷின் பக்கத்தில் நிற்கிறவர்களிடம் கேட்பதற்கு இன்னும் நேரம் இருக்கிறது.